பேஸ் அருகிலேயே குடியேறிவிடலாமே!

விமானப் பணியாளர்களான எங்களிடம், "பேஸ் (எங்கள் பணி தொடங்கும் விமான நிலையம்) பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று அறிவுரை சொல்லும் புண்ணியவான்கள், என் பேஸ் இருக்கும் நியூயார்க்கில் வீட்டு வாடகை என்னவென்று என்றைக்காவது விசாரித்ததுண்டா? ஃப்ளோரிடாவில் பிள்ளைகளின் பள்ளியையும் மனைவியின் வேலையையும் உதறிவிட்டு நாங்கள் அங்கே போன மறுமாதமே பேஸ் மாறாது என்று யார் எழுதித் தருவார்கள்? ஆகவே, வேலைக்குப் போய்ச் சேரவே இன்னொரு விமானத்தில் இடம் கேட்டு, சீருடையோடு போர்டிங் கேட்டில் தவம் கிடக்கிறேன். கடைசி நிமிடத்தில் சீனியர் ஒருவர் வந்து, பணியாளர்களுக்கென இருந்த ஒரே மடக்கு இருக்கையான ஜம்ப்சீட்டையும் தட்டிக்கொண்டு போகிறார். அப்புறம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், அடுக்குக் கட்டில்கள் நெருக்கியடித்த அறையொன்றில், ஊரார் குறட்டைக்கு நடுவே ஆள் தேவைப்பட்டால் கூப்பிடும் ரிசர்வ் அழைப்புக்குக் காத்திருப்பு. இந்த அலைச்சலெல்லாம் பணி நேரத்தில் சேராதாம். 2009இல் பஃபலோ அருகே விழுந்த விமானத்தின் துணை விமானி, சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பறந்து நியூவார்க்கிற்கு வேலைக்கு வந்தவர் என்று தெரிந்த பின்னும், இது எங்கள் சொந்த விருப்பமாம்!