சுவரில் எழுதிய வரி

வியன்னாவின் பழைய மாநகராட்சிக் குடியிருப்புகளின் முகப்பில் பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம் இருக்கும். வீட்டுக் கட்டுமான வரியாகத் திரண்ட பணத்தைக் கொண்டு வியன்னா மாநகராட்சி இந்தக் குடியிருப்பை இன்ன ஆண்டுகளில் கட்டியது என்பதுதான் அதன் பொருள். 1919 முதல் 1934 வரை தொழிலாளர்களின் சமூக ஜனநாயகக் கட்சி ஆண்ட 'சிவப்பு வியன்னா'வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்தக் கட்டடங்களின் வளைவுகளையும் முற்றங்களையும் வியந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அந்த ஒற்றை வாசகத்தில்தான் அந்நகரின் அரசியல் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. வரி விதிக்கும் உரிமை கைக்கு வந்தபோது அந்த நகரம் எழுந்தது. அந்த உரிமையை நெரித்துத்தான் அதை வீழ்த்தினார்கள்.

ஹாப்ஸ்பர்க் பேரரசின் தலைநகராக இருந்த காலத்தில், உழைக்கும் மக்கள் குடியிருந்த வாடகைக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைவழியில் பலருக்கும் பொதுவாக இருந்தன. வாடகை கட்ட வழியில்லாத குடும்பங்கள், தங்கள் வீட்டுக் கட்டிலையே முன்பின் அறியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன. காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் ஏற்பட்டது. 1897 முதல் 1910 வரை மேயராக இருந்த கார்ல் லூகர் எரிவாயு, மின்சாரம், டிராம் ஆகியவற்றை மாநகராட்சியின் கைக்குக் கொண்டுவந்தவர்தான். ஆனால் யூத வெறுப்பை மேடைதோறும் வளர்த்த அவர், தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினையைத் தொடவில்லை. சொத்துள்ளவர்களின் வாக்குக்கே எடை அதிகம் என்ற தேர்தல் முறையில் வீட்டு உரிமையாளர்களைப் பகைத்துக்கொள்ள யார் துணிவார்கள்?

1919 மே மாதம் ஆண்களும் பெண்களும் முதன்முறையாகச் சம உரிமையோடு மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தபோது, 165 இடங்களில் 100 சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தன. ஆயினும் வியன்னா அப்போது கீழ் ஆஸ்திரியா மாநிலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சிவப்புத் தலைநகரம் தங்களை ஆளுவதைக் கிராமப்புறத்துக் கிறிஸ்தவ சமூகக் கட்சியினர் சகிக்கவில்லை. கிராமப்புறத்தின் பிடியில் இருக்க நகரமும் விரும்பவில்லை. இப்படி எதிரெதிர்க் காரணங்களால் இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்ததில், 1922 ஜனவரி 1 முதல் வியன்னா தனி மாநிலம் ஆயிற்று. மாநிலத்துக்கு உரிய வரி அதிகாரமும் அதனோடு வந்து சேர்ந்தது.

அந்த அதிகாரத்தைக் கையாளத் தெரிந்தவராக ஹூகோ பிரைட்னர் இருந்தார். வங்கி இயக்குநராகப் பணியாற்றிவிட்டு மாநகராட்சியின் நிதிப் பொறுப்புக்கு வந்தவர் அவர். வீட்டு வேலையாட்களை வைத்திருப்போர், கார் வைத்திருப்போர், கேளிக்கைக்குச் செலவிடுவோர் ஆகியோர் மீது வரி விதித்தார். 1923இல் கொண்டுவந்த வீட்டுக் கட்டுமான வரியை, வீட்டின் வாடகை மதிப்பு கூடக் கூட விகிதமும் செங்குத்தாக ஏறும்படி அமைத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீடு கட்ட அவர் கடனை நம்பவில்லை என்பது. வரிப் பணத்தில் கட்டிய வீட்டுக்கு வட்டி இல்லை; இலாபமும் தேவையில்லை; ஆகவே பராமரிப்புச் செலவுக்கு ஈடான சிறு தொகையை மட்டும் வாடகையாக வாங்கினால் போதும் என்ற நிலை உருவானது. முதல் உலகப் போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு நீடித்ததால் தனியார் கட்டுமானம் நின்றுபோய் நில விலை சரிந்திருந்ததும் மாநகராட்சிக்குக் கைகொடுத்தது.

1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் கட்டடம். அதில் 1,382 வீடுகள், பொதுச் சலவைக்கூடங்கள், குளியல் கூடங்கள், மழலையர் பள்ளிகள், நூலகம். வீடுகள் சிறியவைதாம். ஆனால் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. நடைவழிக் குழாயடியில் வரிசையில் நின்று பழகிய ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

வரி கட்டிய செல்வர்கள் இதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. 1930 தேர்தல் பிரசாரத்தில், ஹைம்வேர் என்ற வலதுசாரி ஆயுதக் குழுவின் தலைவர் ஸ்டாரெம்பெர்க், யூதரான பிரைட்னரை 'ஆசியாக்காரன்' என்று இழித்து, அவருடைய தலை மண்ணில் உருள வேண்டும் என்று மேடையில் முழங்கினார். நகரத்தின் வீழ்ச்சியைச் சொல்பவர்கள் பீரங்கியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் 1931இலிருந்து தொடங்குவேன். அந்த ஆண்டில்தான் மத்திய அரசு வரிப் பகிர்வுச் சட்டத்தைத் திருத்தி வியன்னாவின் பங்கை வெட்டியது. 1933 மார்ச்சில் பிரதமர் டால்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கி, 1917ஆம் ஆண்டுப் போர்க்காலச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ஆணைகளால் ஆளத் தொடங்கினார். நகரத்தின் கருவூலத்தை வற்றச் செய்த பிறகே, அரசுப் படைக்கும் சமூக ஜனநாயகத் தொழிலாளர்களுக்கும் இடையே 1934 பிப்ரவரி 12 அன்று மூண்ட மோதலில் கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மீது குண்டுகள் விழுந்தன. மேயர் கார்ல் ஸைட்ஸ் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் தரப்பில் போரிட்டுக் காயத்தோடு கிடந்த கார்ல் மூனிக்ரைட்டரை, நோயாளிகளைச் சுமக்கும் படுக்கையிலேயே கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டில் வியன்னாவின் மாநிலத் தகுதியும் பறிபோனது.

1938இல் நாஜிகள் வந்ததும் யூதக் குடும்பங்கள் இதே குடியிருப்புகளிலிருந்து விரட்டப்பட்டன. பிரைட்னர் நாடு கடந்து போய் 1946இல் அமெரிக்காவில் இறந்தார். போருக்குப் பிறகு மாநிலத் தகுதி மீண்டது, கட்டுமானமும் மீண்டது. இன்று ஏறத்தாழ 2,20,000 வீடுகள் மாநகராட்சியின் உடைமையாக இருக்கின்றன.

இந்தப் பெருமைக்கு நடுவே ஒரு குறையையும் நான் சொல்லியாக வேண்டும். அந்நகரில் உழைத்து வரி கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த வீடுகளின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது திறந்தது 2006இல்தான். அதற்குள் மாநகராட்சியே நேரடியாக வீடு கட்டுவதை 2004இல் நிறுத்தியிருந்தது. அடுத்த புதிய குடியிருப்பு 2019இல்தான் எழுந்தது.