நண்பன் இறந்தால் லீவு கிடையாது

அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை. துக்க விடுப்பு தருகிற அலுவலகங்களில் உறவுமுறை கேட்கும் இடத்தில் அநேகமாக இவ்வளவுதான் இருக்கும். கொஞ்சம் தாராளமான இடமென்றால் தாத்தா பாட்டி, மாமனார் மாமியார் வரை போவார்கள். நண்பன் என்று ஒரு வரியை நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் பார்த்ததில்லை. இருபதுகளில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்று கண்காணாத தேசங்களில் கூடவே சுற்றியவன் போய்ச் சேர்ந்தால், சொந்தக் கணக்கில் ஒருநாள் லீவு எடுத்து, உறவுக்காரர்களுக்குப் பின்னால் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் வந்து உட்கார வேண்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அது தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த வகைத் துக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் இருக்கிறார்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதற்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்தார். சுற்றி இருப்பவர்கள் துக்கம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கம். நண்பனை இழந்தவர், பிரிந்துபோன கணவனை இழந்தவர், கருவிலேயே குழந்தையை இழந்தவர், வளர்த்த நாயைப் பறிகொடுத்தவர் எல்லாரும் இதில் வருவார்கள். விசாரிக்க வருகிறவர்கள் நேராக வீட்டுக்காரர்களிடம் போகிறார்கள். அது நியாயம்தான், அவர்களுடைய இழப்புக்கு முன்னால் என்னுடையதை வைக்க எனக்கு எண்ணமே இல்லை. ஆனால் நமக்கு யாரும் கை கொடுக்காதபோது, 'நமக்கு அழுவதற்கு உரிமை இருக்கிறதா' என்று நமக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் கொடுமை.

நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்ததைப் படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு. அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் இறந்தாலும், ஊழியருக்கு அது ஓர் இழப்புதான் என்று வேலை கொடுப்பவர் ஏற்றுக்கொண்டால் ஒருநாள். ஒரே ஒருநாள்தான். ஆனாலும் சட்டத்துக்குள் நண்பன் நுழைய ஒரு கதவைத் திறந்து வைத்தார்களே!

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் இறந்த வாரத்தில்தான் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. "வேலையில் மூழ்கிடு, அதுதான் மருந்து" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூழ்கினேன். பகல் முழுக்க மெயில், இரவில் சோதனை முடிவுகள், நடுவில் போன். கூட்டத்தில் என் முறை வந்தபோது எண்களைத் தப்பில்லாமல் சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தக் கூட்டமே ஞாபகத்தில் இல்லை. இன்னொன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு பட்டியலில் பதிப்பு எண்ணை மாற்ற உட்கார்ந்தேன். ஒரு இலக்கத்தை அழித்து இன்னொன்றைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அழித்துவிட்டேன். அந்தக் காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்து எந்த எண்ணைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்தும் விரல் நகரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தட்டினேன்.

வேலை மருந்து என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உருகும் நேரமும் உண்டு, அதை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றாடக் காரியங்களைப் பார்க்கும் நேரமும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்றார்கள். எனக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஐந்து படிநிலை என்று எங்கும் சொல்கிறார்களே, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடிவது, அது எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது. அவர் முதலில் அதைச் சொன்னது சாகக் கிடந்த நோயாளிகளுடன் பேசிப் பார்த்து, அவர்களைப் பற்றி. இருக்கிறவர்களுக்கும் அதே படிக்கட்டு என்பது பிறகு பரவியது. 'இன்னுமா நீ மூணாவது படியில நிக்கிற?' என்கிற மாதிரி யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆக, வேலை நமக்கு ஓய்வு தரலாம். துக்கத்திலிருந்து ஒரு மூச்சு வெளியே வர இடம் கொடுக்கலாம். ஆனால் போவது மட்டும் இருந்து வருவது இல்லாமல் போனால் அது ஓய்வு இல்லை. நாளின் எல்லா மணியையும் வேலை பிடித்துக்கொண்டால், அழுகை பதிப்பு எண் மாற்றும் கட்டத்துக்குள்தான் வந்து நிற்கும். மருத்துவர்களே அவசரப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு கோளாறாகக் கருதப்பட ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் சேர்த்த வரையறையில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். அலுவலகங்கள் மட்டும் திங்கட்கிழமைக்குள் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

எனக்கு உண்மையில் உதவியது எது என்று கேட்டால், நாங்கள் தொலைந்துபோன கதைகள்தான்.

1999இல் நாங்கள் இரண்டு பேரும் ரயில் பாஸ் எடுத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றினோம். யூரோ நாணயம் கைக்கு வராத காலம். எல்லை தாண்டினால் பர்ஸில் இருக்கிற சில்லறை செல்லாது. கையில் செல்போன் இல்லை. பெர்லினிலிருந்து கொலோனுக்கு அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். ஹனோவரில் வண்டி நின்றது. தண்ணீர் வாங்க அவன் இறங்கினான். விசில் ஊதியதும் அகப்பட்ட கதவில் ஏறிவிட்டான். உள்ளே நடந்தே என்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்து ஒவ்வொரு பெட்டியாக வந்திருக்கிறான். கடைசிப் பெட்டியில் வழி முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஓட்டுநர் அறை. ஏனென்றால் அது இரண்டு தனித்தனி ரயில்களை மூக்கோடு மூக்கு வைத்துக் கோத்த வண்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நடக்க முடியாது. சரி, எப்படியும் கொலோனில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான்.

ஹாம் என்ற ஊரில் அந்த வண்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கு. மறுபாதி டோர்ட்மண்ட், எஸ்ஸன் வழியாக டுசெல்டார்ஃபுக்கு. அறிவிப்பு ஜெர்மன் மொழியில் வந்திருக்கும், எங்கள் காதில் ஏறவில்லை. இரண்டு பேர் பையும், இரண்டு பாஸ்போர்ட்டும், இரண்டு பாஸும் என்னிடம். அவன் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

கொலோனில் இறங்கி நடைமேடை முழுக்கத் தேடினேன். தகவல் கவுன்டரில் இருந்த பெண்மணி பொறுமையாக ஒரு காகிதத்தில் கோடு போட்டு, கோடு இரண்டாகப் பிரிவதைக் காட்டியபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கிறானே என்று இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே டுசெல்டார்ஃபுக்கு ஓடினேன். ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம். அங்கே அவன் இல்லை. ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லச் சொன்னேன். அவர்கள் சொன்ன விதத்தில் அவன் அங்கேயே நின்றிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டான். அவனோ இதற்குள் பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் கையைக் காலை ஆட்டி நிலைமையைப் புரியவைத்து, கொலோன் வண்டியில் ஏறிவிட்டிருந்தான். எங்கேயோ பாதி வழியில் எங்கள் இரண்டு ரயிலும் ஒன்றை ஒன்று கடந்திருக்க வேண்டும்.

மறுபடி கொலோனுக்குத் திரும்பினேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பேராலயம். 157 மீட்டர் உயரம். 1248இல் அடிக்கல் போட்டு 1880இல்தான் கட்டி முடித்தார்கள். எந்த மூடனும் வெளியே வந்தால் அதைத்தான் பார்ப்பான், அதனால் நானும் அங்கேதான் வருவேன் என்று கணக்குப் போட்டு அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கக்கூட இல்லை. பாட்டிலை நீட்டி, "தண்ணி கேட்டியே, இந்தா" என்றான். கால்வாசிதான் குடித்திருந்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கு. பை வைத்திருப்பவன் அசையாமல் நிற்க வேண்டும், தொலைந்தவன்தான் தேடி வர வேண்டும் என்பது அவன் கட்சி. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் போக வேண்டும், கையில் காகிதமே இல்லாதவனை ரயிலில் ஏறவிடுவார்களா என்பது என் கட்சி. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், நள்ளிரவு போனில், எங்கே பேசினாலும் இந்த வழக்கு ஒரு தடவை விசாரணைக்கு வரும். இப்போது எதிர்க்கட்சிக்காரன் இல்லை. ஒருவன் போகும்போது அவன் மட்டும் போவதில்லை. நாம் இருபத்துச் சொச்சத்தில் இருந்ததற்குச் சாட்சியும் போய்விடுகிறது. நான் எதைச் சொன்னாலும் "அப்படி இல்லடா" என்று திருத்த ஆள் கிடையாது. அவன் இல்லாமல் போனதை நான் அதிகம் உணர்வது இந்த இடத்தில்தான்.

இன்னும் கதைகள் உண்டு. வெனிஸ் என்று பலகையில் பார்த்ததும் மெஸ்ட்ரே நிலையத்தில் குதித்துவிட்டு, அது தீவுக்கு முந்தைய கரைப்பக்க ஊர் என்று தெரியாமல் கால்வாயைத் தேடித் தெருத் தெருவாக நடந்தது ஒன்று. ஆனால் நான் விரித்துச் சொல்ல நினைப்பது சால்ஸ்பர்க்கில் நடந்ததை. அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை. அந்த இரவில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை நம்பி விடுதியைக் காலி செய்து வெளியே வந்து கதவைச் சாத்தினால், அது தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. ரயில் நிலையக் கடிகாரத்தில் நேரம் ஒரு மணி குறைவாகக் காட்டியது. குளிர் எலும்பைக் குடைந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. பெஞ்சில் ஒரு போர்வையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவன் தன் அப்பா இறந்ததைப் பற்றி முதல்முறையாகப் பேசினான். கல்லூரிக் காலத்தில் நடந்தது. காரியம் முடிந்த கையோடு பரீட்சை எழுதப் போயிருக்கிறான். "அன்னிக்கு வந்த கேள்வி எல்லாம் இப்பவும் வரிசையாச் சொல்வேன். ஆனா வீட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு கேட்டா ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல" என்றான். பாஸாகிவிட்டான், நல்ல மார்க். எல்லாரும் மெச்சினார்களாம், எவ்வளவு திடமான பையன் என்று. அப்பாவுக்காக அழ அவனுக்கு அதற்குப் பிறகு நேரமே வாய்க்கவில்லை. அந்தப் பெஞ்சில்தான் அழுதான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், திடமாக இருக்கிறான் என்று துக்கத்தில் இருப்பவரை மெச்சாதீர்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் என்ன வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? எங்கள் குழுவில் ஒரு பெண் என்னைக் கேட்கவே இல்லை. "இந்த மாசம் ராத்திரி அழைப்பு எல்லாம் நான் பார்த்துக்கிறேன், உங்க பெயரை எடுத்துட்டேன்" என்று ஒரு வரி அனுப்பினாள். அந்த மாதம் நான் தூங்கியதற்கு அவள்தான் காரணம். செய்ய நினைப்பவர்கள் ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். மேலாளராக இருப்பவர்கள், உறவுமுறைப் பெட்டியில் 'மற்றவர்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா பாருங்கள். யார் அந்த மற்றவர் என்று துருவிக் கேட்காமல் ஒருநாள் கொடுங்கள். பொய் சொல்லி வாங்குவார்களே என்று பயப்படுகிறவர்களிடம் என் பதில் இதுதான்: வாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம், இறந்தவரின் நல்ல குணங்களை மட்டும் வரிசையாகச் சொல்லும் அஞ்சலிக் குறிப்புகள் எனக்கு ஒட்டவே இல்லை. உதவும் மனம், சிரித்த முகம், கடின உழைப்பாளி. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஹனோவரில் தண்ணீர் வாங்க இறங்கியவன் ஒருத்தன்தான். அவனைத் தெரிந்த யாராவது அந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

அவன் மகள் போன வாரம் கூப்பிட்டாள். "மாமா, அப்பா சொன்ன கதையில தொலைஞ்சு போனது நீங்கதானே?" என்று கேட்டாள். பாவி, பிள்ளையிடமும் வழக்கை அவன் பக்கமே முடித்து வைத்திருக்கிறான். அவன் சொன்னபடி முழுக்கதையும் அவளுக்கு மனப்பாடம். அதில் எனக்கே தெரியாத விஷயங்கள் இருக்கின்றன, பரிசோதகர் அவனுக்குப் பாதி சாண்ட்விச் கொடுத்தது உட்பட. சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். என் கட்சியையும் அவள் கேட்க வேண்டும். அன்றைக்கு அடுத்த பதிப்பின் சோதனை இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டேன் என்று குழுவில் எழுதிப் போட்டுவிட்டேன்.