பூவைச் சரிசெய்தால் சம்மதமா?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் தேரன்று எடுத்த அந்தப் படத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாள் இருந்தேன். முடியவில்லை. வெயிலில் நின்ற ஒரு பிள்ளை கலைந்த தலையை ஒதுக்கிப் பூவைச் சரிசெய்கிறாள். அதற்கு "சிக்னல் தாறா" என்று எழுதி, இத்தனை பேர் பகிர்ந்திருக்கிறீர்கள்.

தலையைச் சரிசெய்வது சம்மதம் அல்ல. கோயிலுக்குள் ஆண்கள் நீங்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகிறீர்கள். அதை எந்தப் பெண்ணாவது அழைப்பு என்று எழுதினாளா?

"தொல்காப்பியத்திலேயே இருக்கு அக்கா" என்கிறார் ஒரு தம்பி. இருக்கிறது. கூந்தலை விரிப்பதும் அணிகளைத் தடவுவதும் உடையைத் திருத்துவதும், உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைச் சொல்லும் அதன் மெய்ப்பாட்டியலில் காதல் குறிப்புகள்தான். ஆனால் அவை இரண்டாம் கட்டம், தம்பி. அதற்கு முன்னால் நிற்பது 'புகுமுகம் புரிதல்', அவன் தன்னைப் பார்ப்பதை அவள் விரும்புவது. முதற்கட்டத்திலேயே 'சிதைவு பிறர்க்கு இன்மை'யும் இருக்கிறது. தன் மனம் நெகிழ்ந்ததை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைப்பாள். அப்படியென்றால் தேர் பார்க்க வந்த உங்களுக்கு அதில் என்ன வேலை?

உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும்போது ரியூசனுக்கு வெளியே, சைக்கிள் ஓட்டிக் கலைந்த தலைக்குக் கிளிப் குத்தினேன். எதிர்க்கடையில் நின்ற பெடியன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நாலு மாதம் பின்னால் வந்தான். வீட்டில் என்னைத்தான் ஏசினார்கள். அம்மா எண்ணெய் வைத்து இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினா. அதே அம்மா, அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில் மல்லிகைச் சரம் வைத்து, மை பூசி, "வடிவாய் நிமிர்ந்து இரு" என்றா. அப்போது அலங்காரம் நல்ல பிள்ளைக்கு அடையாளம். எனக்கு மட்டும் குற்றம். இன்றைக்கும் அது ஆறவில்லை.

"விருப்பம் இருந்தால் குறிப்புக் காட்டுவீங்கள்தானே?" காட்டுவோம். இவர், என் கணவர், நூலகத்துக்கு வரும் நாட்களில் நான் பச்சைச் சுடிதார்தான் போட்டேன். இவர் அதைக் கவனித்திருக்கிறார். அப்படியிருந்தும் கிட்ட வந்து, "உங்களோட கதைக்கலாமோ?" என்று வாயால் கேட்டார். நான் ஓம் என்ற பிறகுதான் பக்கத்தில் இருந்தார்.

"பெடியங்களும் பாவம், பிழையாய் விளங்கிப்போச்சு" என்று வராதீர்கள். பிழையாய் விளங்கினவன் கேட்டுத் திருத்தலாம். படம் பிடித்து ஊருக்குக் காட்ட மாட்டான்.

மறுநாள் தீர்த்தத்துக்கு வெளிக்கிட்டபோது என் மகள் தலையில் வைத்த பூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு வயது அவளுக்கு. யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவளும் பார்த்திருக்கிறாள், கீழே நீங்கள் எழுதியதையும் வாசித்திருக்கிறாள். சிரித்தவர்கள் வந்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.