அப்பிச்சிக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர்

அப்பிச்சிக்கு, அதாங்க எங்கம்மாவோட அப்பாவுக்கு, எண்பது முடியுது. பரண்மேல தகரப்பெட்டியில நாப்பது இசைத்தட்டு சும்மா கிடக்குது. ஒரு பிளேயர் வாங்கித் தரலாம்னு பத்தாயிரத்தை எடுத்துட்டு பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினது என் தப்புங்க.

சூட்கேஸ் மாதிரி ஒண்ணைக் காட்டி, "எல்லாமே உள்ளயே இருக்குதுங்"ன்னாரு கடைக்காரர். இருக்குது. ஆனா ஊசியைத் தட்டுமேல வெச்சா ஏர் ஓட்டுற மாதிரி அழுத்துது! நல்ல பிளேயர்ல ஊசிப் பாரம் 2 கிராம் பக்கம்தான் இருக்கும். இந்தப் பெட்டிகள்ல பலதுல 5 கிராம். குறைக்கலாம்னா ஊசிக் கைக்குப் பின்னால திருகுற எடையும் கிடையாது.

சரி, எடை வெச்சதையே பாக்கலாம்னா, அதுக்கு ஊசியில வர்ற சின்ன சத்தத்தைப் பெருசாக்குற போனோ பிரீஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி. மாடு வாங்கப் போனவன்கிட்ட கொம்புக்குத் தனிக்காசு கேப்பாங்களா?

இதுல அப்பிச்சி தட்டுல பாதி நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற அரக்குத் தட்டு. ஊசி ஓடுற காடி அகலம், ஊசியே வேற வேணும். "78 ஓடுங்களா?"ன்னேன். "நல்லா ஓடுங்." ஊசியைக் கேட்டா அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு.

அப்பிச்சிக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் எதுக்கு கண்ணு, வரும்போது ரெண்டு வேட்டி எடுத்துட்டு வா"ங்கறாரு.