தையல் மெஷின் கொடுத்தால் முடிந்ததா?
பாலியல் தொழிலில் இருந்த பெண்களை மிஷன் இல்லத்தில் சேர்த்து, தையல் பழக்கி, ஜெபத்திலும் உட்காரவைத்துவிட்டால் அவர்கள் பழைய தொழிலுக்குத் திரும்புவதில்லை என்று மேலே உள்ள கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அதற்கு அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேலை உதாரணம் காட்டுவதும் பொருந்தாது. 1901 முதல் திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் அவர் காப்பாற்றியது பெரும்பாலும் கோயிலுக்கு விடப்பட இருந்த சிறுமிகளை. சென்னை வியாசர்பாடியில் வாடகை கொடுத்து, தண்டல் (தினவசூல் கடன்) கட்டி, பிள்ளையைப் படிக்கவைக்கும் 35 வயதுப் பெண்ணின் கதை வேறு. எங்கள் சபைப் பெண்கள் சங்கம் அப்படி ஒருவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தது. பிளவுஸ் நன்றாகவே தைத்தார். ஆனால் ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டரும் இல்லை. தண்டல்காரர் மட்டும் தினமும் வாசலில் நின்றார். மெஷின் அடகுக்குப் போனது. கடைசியில் போதகரம்மா அந்த ஆளிடம் பேசி அசலைத் தவணையில் அடைத்ததும், ஒரு அக்கா வீட்டு அட்வான்ஸுக்குப் பொறுப்பேற்றதும்தான் அவரை நிலைநிறுத்தியது (அதற்கே சபையில் எத்தனை முணுமுணுப்பு!). மேலே பின்னூட்டத்தில் ‘எல்லாம் மதமாற்ற வேலை’ என்று எழுதிய நண்பருக்கு: அந்தப் பெண் இன்றும் மாங்காடு அம்மனுக்குத்தான் விளக்கேற்றுகிறார், யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்புறம் ஆதார். முகவரிச் சான்று கேட்காமல், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநர் தரும் சான்றை வைத்தே பாலியல் தொழிலாளர்களுக்கு ஆதார் வழங்கலாம் என்று 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லம் நடத்துகிறவர்கள் அந்தச் சான்றுக்காக அலைந்தாலே வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு எல்லாம் அடுத்தடுத்து நகரும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.