அமெரிக்காவுக்கு அகதிகள் வரத்து பெரும்பாலும் நின்றதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல

அமெரிக்காவுக்குப் போக அகதிகளே ஆர்வம் காட்டாததால்தான் அவர்களை அங்கு குடியமர்த்த உதவும் மீள்குடியேற்ற அலுவலகங்கள் மூடப்படுகின்றன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். விவரம் அப்படி இல்லை.

2024 நிதியாண்டில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்க அரசின் அகதிகள் ஏற்புத் திட்டத்தில் அங்கு சேர்க்கப்பட்டார்கள். 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்தான 14163ஆம் இலக்க ஜனாதிபதி ஆணை இந்தத் திட்டத்தையே இடைநிறுத்தியது. அகதிகளைக் குடியமர்த்தும் உள்ளூர் அமைப்புகளுக்கு அரசுப் பணம் பெரும்பாலும் வந்துசேரும் ஆட்களின் கணக்கில்தான் கிடைக்கும். விமான நிலையத்தில் வரவேற்பது, வாடகை வீட்டில் மெத்தையும் பாத்திரங்களும் போட்டுவைப்பது, முதல் வேளைக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தயாராக வைப்பது எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தவை. ஆள்வரத்து பெரும்பாலும் நின்று அந்தப் பணமும் குறைந்ததும் மொழிபெயர்ப்பாளர்கள் உட்படப் பலர் வேலை இழந்தார்கள்.

சரிபார்க்க விரும்புபவர்கள் அமெரிக்க அரசிதழ் (Federal Register) இணையத்தளத்தில் 14163 என்று தேடுங்கள். மூல ஆவணம் இலவசம். முன்னுரையைக் கடந்து, இடைநிறுத்தம் பற்றிய பிரிவை வாசித்தாலே போதும்.

இது கொழும்புக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. இலங்கை 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே தஞ்சம் கோரியவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை; அமெரிக்கா போன்ற மூன்றாம் நாடொன்று ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உதவ நினைப்பவர்கள் அவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், வாடகைக்குக் கைகொடுக்கலாம். அமெரிக்காவில் உறவினர் இருந்தால், அவர்கள் ஊரில் இன்னும் இயங்கும் அமைப்புக்குத் தளபாடமோ நேரமோ கொடுக்கச் சொல்லுங்கள்.