நெபுலைசருக்கு முன்னால் மூச்சை எண்ணுங்கள்

கைக்குழந்தைக்கு வரும் சளியும் இழுப்பும் டெல்லியில் குளிர்கால நோய். நம் பெங்களூரில் மழையோடு வரும். எல்.கே.ஜி. போகும் மூத்த பிள்ளைக்கு மூக்கொழுகும். நாலைந்து நாளில் தொட்டில் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளும். பிறகு இருமல், இழுப்பு. அன்று ராத்திரியே, மருந்தைப் பனிபோலத் தூவி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர் ஆன்லைனில் ஆர்டர் ஆகிவிடும். அந்த மெஷினால் இந்தக் குழந்தைக்குப் பெரிய உபகாரம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு வயதுக்குள் முதல்முறையாக இப்படி இழுத்தால் அது பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ். அதிகம் காரணமாவது ஆர்எஸ்வி வைரஸ். நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களில் உட்சுவர் வீங்கி, உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு ஏறும். நமக்கு ஜலதோஷமாகப் போகிற வைரஸ் மூன்று மாதப் பிள்ளையை ஆக்சிஜனில் படுக்கவைப்பது இதனால்தான். ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றிய தசை இறுகும், நெபுலைசரில் ஊற்றும் சால்பியூட்டமால் மருந்து அதைத் தளர்த்தும். இங்கே அடைப்பதோ வீக்கமும் சளியும். மருந்தால் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும்தான் மிச்சம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2014லேயே சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் இதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

வீட்டில் உண்மையிலேயே உதவுவது மூச்சை எண்ணுவது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் கைக்குழந்தை வேகமாக மூச்சுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி மறுபடி விடும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். காய்ச்சல் இருந்தால் அது இறங்கியபின் இன்னொரு முறை. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் ஐந்து வயதுவரை 40: இதைத் தொட்டாலே அது வேக மூச்சு. நேரத்தோடு போனில் குறித்துவையுங்கள். "ராத்திரி 46, விடியக்காலை 58" என்று சொன்னால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். பெரியவர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பிள்ளை விரலில் மாட்டி வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

நோய் உச்சத்துக்குப் போவது மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வாக்கில். இரண்டாம் நாள் பார்த்த டாக்டர் "சாதாரண சளி" என்றால் அன்றைக்கு அது சரிதான். நாலாம் நாள் கூடினால் மறுபடி போக வேண்டும்.

அடைத்த மூக்கோடு குழந்தையால் உறிஞ்ச முடியாது. பால் கொடுப்பதற்குக் கால் மணி முன்னால் வெறும் சலைன் சொட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று துளி. ஒரு நிமிஷம் விட்டு ரப்பர் பல்பால் உறிஞ்சுங்கள். பல்பை வெளியே அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மூக்கு விளிம்பில் வைக்க வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி பின்னால் போகும். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போனால் மூக்கே வீங்கும். அடைப்பு நீக்கும் மருந்துச் சொட்டு கைக்குழந்தைக்கு ஆகாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தலை உயர்த்திக் கொடுங்கள். படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றினால் மூச்சு வாங்கும் பிள்ளைக்குப் புரையேறி நுரையீரலுக்கே போகும்.

பாட்டிமார் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூடிய அறையில் சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், நெஞ்சில் கற்பூரத் தைலம், ஒரு வயதுக்குள் தேன், இவை எதுவும் வேண்டாம். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகும். இருமல் சிரப்பும் கூடாது. மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் இறந்தபின் 2025 அக்டோபரில் மத்திய அரசே இரண்டு வயதுக்குள் கொடுக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. பாரசிட்டமாலில் இன்னொரு ஆபத்து. சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 24 அல்லது 25, இன்னொரு சிரப்பில் 50. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 5 கிலோ பிள்ளைக்குச் சொட்டு 0.75 மில்லிதான். சிரப் அளவான 3 மில்லியைச் சொட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நாலு மடங்கு ஆகிவிடும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் மருந்துக்கு முன்னால் டாக்டர்.

மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் சோப்பால் கை கழுவி, யூனிஃபார்ம் மாற்றியபின் தொட்டில் பக்கம் போகட்டும். இந்த வைரஸ் மேஜை, பொம்மை மேல் சில மணி நேரம் உயிரோடிருக்கும். கர்ப்பிணிக்கான ஆர்எஸ்வி தடுப்பூசியும், குழந்தைக்கே போடும், அதே வைரஸுக்கு எதிரான நிர்செவிமாப் ஊசியும் 2023 முதல் அமெரிக்காவில் போடப்படுகின்றன. குறைமாதப் பிள்ளையோ இதயக் கோளாறோ இருந்தால் உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவது, மூக்கு மடல் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், வழக்கமான பாலில் பாதிகூட இறங்காதது, எட்டு மணி நேரமாக நாப்கின் நனையாதது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உதடு நீலமானாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே 108. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இருமலே இல்லாமல் மூச்சு நிற்பதே முதல் அறிகுறியாக வரலாம். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வழக்கமான டாக்டரிடம் போகிற நேரம் அப்போது இருக்காது. ஆக்சிஜனும் குழந்தைகள் ஐசியுவும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எதுவென்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் போனில் ஏற்றிவையுங்கள். கன்னடம் வராத தாத்தா பாட்டி பிள்ளையோடு தனியாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீட்டு முகவரியையும் "மகுவிகெ உசிராடோக்கெ கஷ்ட ஆக்திதெ" (குழந்தைக்கு மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறது) என்ற ஒரு கன்னட வரியையும் தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.